தாத்தாவின் மறதியைக் கம்ப்யூட்டர் கணக்கிடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் சில வாரங்களில் தேடிப் பார்க்கும் விஷயங்களில் உடல்நலமும் ஒன்று. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொல்லவே வேண்டாம். "நினைவாற்றல் சோதனை" என்று டைப் செய்து எண்டர் தட்டினால் போதும், வரிசையாகத் தளங்கள் வந்து நிற்கும். கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் கடைசியில் ஒரு மதிப்பெண் கிடைக்கும். கூடவே, "உங்கள் மூளைக்குப் பயிற்சி தேவை, பணம் கட்ட இங்கே கிளிக் செய்யவும்" என்று ஒரு பட்டனும் இருக்கும்!

இந்த மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஆராய்ச்சியாளர்கள் மறதி நோயை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் சென்னையும் வேலூரும் அந்தக் கதையில் வருகின்றன.

டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. நினைவு, பேச்சு, வழி கண்டுபிடிப்பது, கணக்குப் பார்ப்பது, முடிவெடுப்பது போன்ற மூளையின் வேலைகள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலைக்குத்தான் இந்தப் பெயர். இந்த நிலையை உண்டாக்கும் நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வீடு முழுவதும் தேடுவது வயதின் வேலை. இருபது வருடமாகப் போய்வந்த ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது வேறு விஷயம்.

ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டார் விழுவது போல என்று உவமை சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அது சரியான உவமை அல்ல. பேட் செக்டார் பழைய ஃபைல், புதிய ஃபைல் என்று பார்ப்பதில்லை. அல்சைமரின் ஆரம்பத்திலோ பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். புதிதாக டைப் செய்தவைதான் சேவ் ஆகாமல் போகும். ஐம்பது வருடத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லும் தாத்தா, காலையில் டிபன் சாப்பிட்டதை மறந்துவிடுவது இதனால்தான். "தாத்தாவுக்கு எவ்வளவு ஞாபக சக்தி பாருங்கள்!" என்று வீட்டில் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோய் தொடங்கியிருக்கலாம்.

முப்பது மதிப்பெண் தேர்வு

1975-ல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவரும் அமெரிக்காவில் ஒரு சிறிய தேர்வை வெளியிட்டார்கள். இதன் சுருக்கப் பெயர் எம்.எம்.எஸ்.இ. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, எந்த ஊரில் இருக்கிறோம், மூன்று சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்வது, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒரு படத்தைப் பார்த்து வரைவது என்று போகும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் உலகம் முழுவதும் பரவியது. இணையத்தில் கிடைக்கும் பல சோதனைகள் இந்த மாதிரியைப் பின்பற்றியவைதான்.

பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் இந்தத் தேர்வு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதத் தெரியாது, எனவே வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை. பென்சில் பிடித்ததில்லை, எனவே படத்துக்கும் இல்லை. நாட்காட்டி பார்க்கும் வேலையே இல்லாத விவசாயக் கூலிக்கு இங்கிலீஷ் தேதி எதற்கு? மூளை நன்றாக இருப்பவரும் இந்தத் தேர்வில் "நோயாளி" ஆகிவிடுவார்.

என் அலுவலக நண்பர் ஒருவர் தன் அம்மாவுக்கு இப்படி ஒரு இணையச் சோதனையை வைத்துப் பார்த்தார். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. அந்த அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் தெருவில் பன்னிரண்டு பேருக்குச் சீட்டு நடத்துகிறார். யார் எந்த மாதம் எடுத்தார், யார் பாக்கி என்பது எல்லாம் மனப்பாடம்! டாக்டரிடம் காட்டியபோது மறதி நோய் எதுவும் இல்லை, காது கேட்பதுதான் குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. ஸ்பீக்கரில் வந்த கேள்விகள் பாதி அவருக்குக் கேட்கவே இல்லை.

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் பகுதியின் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஆய்வு செய்தபோது, எம்.எம்.எஸ்.இ.-யைப் பிரித்துப்போட்டு இந்தியில் மறுபடி கட்டினார்கள். 1995-ல் இது வெளியானது. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் 20-லிருந்து மூன்று மூன்றாக. "கண்களை மூடு" என்று எழுதிய அட்டையைப் படித்துச் செய்வதற்குப் பதில், "என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று சொல்லிக் கண்களை மூடிக் காட்டுவது. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் தங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வது. சாஃப்ட்வேர் துறையில் இதை லோக்கலைசேஷன் என்போம். மெனுவில் உள்ள சொற்களை மொழிபெயர்ப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. அந்த ஊர் ஆள் எப்படிப் பயன்படுத்துவார் என்று பார்த்து புரோகிராமையே மாற்ற வேண்டும்.

அந்த ஆய்வில் 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 73.3 சதவீதம் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1998-ல் வெளியான முடிவின்படி, 65 வயதைத் தாண்டியவர்களில் டிமென்ஷியா உள்ளவர்கள் 1.36 சதவீதம் மட்டுமே. மேலை நாடுகளில் கிடைத்த அளவை விட இது மிகவும் குறைவு. இந்தியர்களுக்கு மறதி நோய் வருவதில்லை, உணவுதான் காரணம், மஞ்சள்தான் காரணம் என்று அதன் பிறகு எத்தனையோ பேச்சுகள்! ஆனால் நோய் குறைவா, அல்லது அளவுகோலில் நோய் அகப்படவில்லையா என்ற கேள்வி அப்படியே இருந்தது.

10/66 என்றால் என்ன?

1998-ல் கொச்சியில் நடந்த அல்சைமர் மாநாட்டில் ஓர் ஆராய்ச்சிக் குழு உருவானது. அதன் பெயர் 10/66. தேதியோ பார்முலாவோ அல்ல. உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைச் சொல்லும் பெயர் இது. லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் பிரின்ஸ் இதை முன்னின்று நடத்தினார்.

இவர்கள் ஒரே ஒரு தேர்வை நம்பவில்லை. பெரியவரிடம் ஒரு அறிவுத்திறன் சோதனை நடத்தினார்கள். அதில் வரும் கேள்விகள் "பாலம் என்றால் என்ன?", "சுத்தியலை வைத்து என்ன செய்வோம்?", "முதலில் ஜன்னலைக் காட்டுங்கள், பிறகு கதவைக் காட்டுங்கள்" என்ற மாதிரி இருக்கும். படிப்பு தேவையில்லை. அடுத்து, பத்துச் சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனை. பழைய அமெரிக்கப் பட்டியலில் இருந்த கேபின், எஞ்சின் போன்ற சொற்களை எடுத்துவிட்டு கல், புத்தகம், குச்சி என்று எந்த ஊருக்கும் பொருந்தும் சொற்களைப் போட்டார்கள். மூன்றாவதாக, மனநிலை பற்றிய விரிவான பேட்டி. பதில்களை அஜிகேட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமில் கொடுத்தால், இது மனச்சோர்வா, டிமென்ஷியாவா, வேறு எதாவதா என்று அது பிரித்துச் சொல்லும். மனச்சோர்வில் இருப்பவர்களும் மறதிக்காரர்கள் போலவே தெரிவார்கள் என்பதால் இது முக்கியம்.

நான்காவது, வீட்டில் இருப்பவரிடம் கேட்பது. முன்பு செய்த வேலைகளை இப்போது செய்ய முடிகிறதா, பேச்சில் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறாரா, வீட்டுக்குள்ளேயே வழி குழம்புகிறதா? என் கருத்தில் இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான். படித்தவரோடு படிக்காதவரை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, பெரியவரை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடுகிறார்கள்.

இனி கம்ப்யூட்டரின் வேலை. நான்கிலிருந்தும் வந்த மதிப்பெண்களை எப்படிச் சேர்ப்பது? உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள், எளிதாகப் புரியும். முதல் நெட்டு வரிசையில் நான்கு மதிப்பெண்கள். இரண்டாவது நெட்டு வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. எது நோயைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறதோ அதற்கு அதிக எடை. எது அடிக்கடி ஏமாற்றுகிறதோ அதற்குக் குறைந்த எடை. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். அதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட வாய்ப்பாக மாற்றி, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் "டிமென்ஷியா இருக்க வாய்ப்பு அதிகம்" என்கிறது புரோகிராம். இந்த முறைக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் அடிப்படை இவ்வளவுதான்.

எடைகளை யார் முடிவு செய்வது? யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா எனப் பல பகுதிகளில் 25 மையங்களில் 2,885 பேரிடம் தகவல் திரட்டினார்கள். யாருக்கு டிமென்ஷியா, யாருக்கு மனச்சோர்வு, யார் நலமாக இருக்கிறார்கள் என்பது முன்பே தெரியும். அந்த டேட்டாவில் பாதியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து எடைகளைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். மீதிப் பாதியை ஒளித்து வைத்து, பிறகு அதில் சோதித்தார்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்தால் எல்லோரும் பாஸ்தானே! அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படும் புரோகிராம்களையும் இதே மாதிரிதான் சோதிக்கிறார்கள். 2003-ல் வெளியான முடிவு: டிமென்ஷியா உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது. நலமாக இருந்தும் தவறாக நோயாளி என்று சொன்னது படித்தவர்களில் 3 சதவீதம், குறைந்த படிப்பு உள்ளவர்களில் 6 சதவீதம். மனச்சோர்வு உள்ளவர்களிடம் மட்டும் இந்தத் தவறு 15 சதவீதம்.

வேலூரில் கிடைத்த இரண்டு விடைகள்

அடுத்து வீடு வீடாகப் போனார்கள். 7 நாடுகளில் 11 இடங்கள், 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 15,000 பேர். இந்தியாவில் நகர்ப்புறத்துக்குச் சென்னை, கிராமப்புறத்துக்கு வேலூர். ஒவ்வொருவரையும் இரண்டு முறைகளில் மதிப்பிட்டார்கள். ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 விதிமுறை. இன்னொன்று, மேலே சொன்ன 10/66 முறை.

2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. டி.எஸ்.எம்.-4 முறைப்படி இருப்பதிலேயே குறைந்த அளவு இந்தியக் கிராமப்புறத்தில்தான்: 0.3 சதவீதம். அதாவது ஆயிரம் முதியவர்களில் மூன்று பேர். 10/66 முறையிலோ, 11 இடங்களில் எதிலுமே 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆட்கள் அவர்களேதான். விடை மட்டும் பல மடங்கு மாறிவிட்டது!

ஏன்? டி.எஸ்.எம்.-4 முறையில், மறதியால் சமூக வாழ்க்கையோ வேலையோ பாதிக்கப்பட்டிருக்கிறது என்று உறுதியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருப்பவர். நம் கிராமத்து வீடுகளில் எண்பது வயதுப் பாட்டியிடம் யார் பாங்க் கணக்கு பார்க்கச் சொல்கிறார்கள்? சமையல் மருமகள் பார்க்கிறாள், கடைக்குப் பேரன் போகிறான். பாட்டி திண்ணையில் இருக்கிறார். "எதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். விதிமுறையில் அந்தக் கட்டத்தில் டிக் விழாது. டிக் விழாவிட்டால் நோய் இல்லை.

10/66 முறை இல்லாத நோயை இருப்பதாகச் சொல்கிறதோ என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். சென்னையில் மூன்று வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் புரோகிராம் டிமென்ஷியா என்று சொன்னவர்களில் இறந்தவர்கள் அதிகம். இருந்தவர்களும் மற்றவர்களை விட வேகமாக மோசமாகியிருந்தார்கள். ஆக, நோய் இருக்கத்தான் செய்தது. பெயர் வைக்கப்படாமல் இருந்தது. நோய் என்று யாரும் சொல்லாததால் அந்த வீடுகளில் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு "ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்?" என்ற கோபம்தான் மிச்சமாகியிருக்கும்.

லேப்டாப்போடு வந்த ஆய்வு

இதை விடப் பெரிய ஆய்வு லாசி. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமான இந்தியர்களை 2017 முதல் சந்தித்துத் தகவல் சேகரித்தார்கள். காகிதப் படிவம் கிடையாது. களப்பணியாளர் கையில் லேப்டாப். ஒரு கேள்விக்கு "இல்லை" என்றால் அதோடு தொடர்புள்ள அடுத்த கேள்விகளை புரோகிராமே தாண்டிவிடும். 60 வயதில் இருப்பவருக்கு 62 வயதில் மகன் என்று டைப் செய்தால் இப்படிப்பட்ட புரோகிராமால் அங்கேயே தடுக்க முடியும்.

இவர்களில் 60 வயதைக் கடந்த 4,096 பேருக்கு டிமென்ஷியாவுக்கான விரிவான சோதனைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் நடந்தன. டெல்லி எய்ம்ஸும் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த பகுதி இது. இத்தனை பேரை நேரில் பார்க்க நிபுணர்களுக்கு எங்கே போவது? அதற்கும் இன்டர்நெட்தான் கை கொடுத்தது. ஒருவருடைய சோதனை விவரங்களும் குடும்பத்தார் சொன்னவையும் ஒரு இணையதளத்தில் ஏற்றப்படும். மூன்று டாக்டர்கள் தனித்தனியே அவரவர் கம்ப்யூட்டரில் பார்த்து மதிப்பிடுவார்கள். கருத்து வேறுபட்டால் பேசி முடிவுக்கு வருவார்கள். இப்படி 2,528 பேருக்கு முடிவு சொன்னார்கள். அந்த முடிவுகளை மாதிரியாக வைத்து, மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் கணக்கிட்டது.

2023-ல் வந்த விடை: 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். பெண்களுக்கு 9 சதவீதம், ஆண்களுக்கு 5.8. கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. பல்லப்கரின் 1.36 எங்கே, இது எங்கே! இடமும் வயதும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் நமக்கு இந்த நோய் வராது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

மூளைப் பயிற்சி சாஃப்ட்வேர் வாங்கலாமா?

பல வாசகர்களுக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். அமெரிக்காவில் ஆக்டிவ் என்ற ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நினைவுப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சிந்தனைப் பயிற்சி, ஒரு பிரிவுக்குக் கம்ப்யூட்டர் திரையில் சட்டென்று தோன்றி மறைவதைக் கண்டுபிடிக்கும் வேகப் பயிற்சி கொடுத்தார்கள். நான்காவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பத்து வருடக் கணக்கு 2017-ல் வெளியானது. வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு 29 சதவீதம் குறைவு. பெயரில் "நினைவு" உள்ள பயிற்சியில் அப்படி உறுதியான பலன் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். விற்பனைக்கு வரும் விளையாட்டுகளோ பெரும்பாலும் நினைவாற்றலைத்தான் விளம்பரம் செய்கின்றன. லுமோசிட்டி என்ற பிரபல மூளை விளையாட்டின் நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற வழக்கில் 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அப்பாவுக்குச் சொலிட்டேர் பிடித்திருந்தால் தாராளமாக விளையாடட்டும். அதற்காக மாதச் சந்தா கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்துகொள்ளலாம். பார்வை, கேட்கும் திறன் இரண்டும் குறைவதை டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகளாக லான்செட் நிபுணர் குழு 2024-ல் பட்டியலிட்டிருக்கிறது.

வீட்டில் யாருக்காவது மறதி கூடுவதாகத் தோன்றினால் இணைய மதிப்பெண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு.

போவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்யுங்கள். எக்ஸெல்லில் ஒரு புதிய ஃபைல் திறந்து மூன்று நெட்டு வரிசைகள் போடுங்கள்: தேதி, என்ன நடந்தது, முன்பு எப்படி இருந்தார். "மறதி அதிகம்" என்று எழுதாதீர்கள். "பால்காரருக்கு ஒரே நாளில் இரண்டு முறை பணம் கொடுத்தார், போன தீபாவளி வரை கணக்கு நோட்டில் எழுதி வைப்பார்" என்று எழுதுங்கள். 10/66 குழு குடும்பத்தாரிடம் கேட்டதும் இப்படிப்பட்ட விவரங்களைத்தான். இரண்டு மூன்று வாரம் எழுதிய பிறகு பிரிண்ட் எடுத்துக் கையில் கொண்டுபோங்கள். பென் டிரைவில் கொண்டுபோனால் டாக்டர் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க மாட்டார். வைரஸ் பயம் அவருக்கும் உண்டு.